தம்பியிடம் நேராகவே கேளுங்கள்

கேள்வி: எங்கள் பிறந்த ஊர் ஏற்காடு பக்கம். தம்பி அங்கே காப்பித் தோட்டம் பார்க்கிறான். நான் கல்யாணமாகி சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். மிளகுக் கொடி வாடிப்போய்க் கடன் ஏறிவிட்டது. அவனுக்குச் சரியான தூக்கமில்லை. "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிறான். போன வாரம் வளர்த்த நாயைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பத்திரம் இருக்கும் இடத்தை மனைவியிடம் சொல்லியிருக்கிறான். இப்போது திடீரென்று அமைதியாகிவிட்டான். தெளிந்துவிட்டானா? வாய்விட்டுக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ?
– ஓர் அக்கா, சேலம்

பதில்: சகோதரி, இதைப் படித்ததும் தம்பி வீட்டுக்குக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமைவரை தள்ளிப்போட வேண்டாம்.

அந்த அமைதிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கடன் அப்படியே இருக்கிறது, தூக்கமும் வரவில்லை. அப்படியிருக்க மனம் மட்டும் சட்டென்று தெளிந்தது எப்படி? ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்களிடமும் இப்படி அமைதி தெரிவதுண்டு. நாயைக் கொடுத்தது, பத்திரத்தைக் காட்டியது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

கேட்பதால் அந்த எண்ணம் வராது. மனநல மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். உள்ளே வைத்துத் தவிப்பவருக்கு, ஒருவர் கேட்டுவிட்டாலே பாதி மூச்சு வரும். தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: "கண்ணு, செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" சுற்றி வளைக்க வேண்டாம். "அப்படியெல்லாம் நினைக்க மாட்டே இல்ல?" என்று கேட்டால், "இல்லக்கா" என்றுதான் பதில் வரும். அவன் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். "புள்ளைங்க முகத்தைப் பாரு" என்று அழ வேண்டாம். ஏற்கெனவே தன்னைப் பாரம் என்று நினைப்பவனுக்கு அது இன்னொரு பாரம். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டால், செய்து கொடுக்காதீர்கள்.

அடுத்தது தோட்டத்து மருந்து. பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் இன்றைக்கே அந்த வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். பூட்டி வைத்துச் சாவியைத் தம்பி மனைவி இடுப்பில் செருகிக்கொண்டால் போதாது. சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியாதா? நம்பிக்கையான பக்கத்துத் தோட்டக்காரரின் பொறுப்பில் விடுங்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளையும் எடுத்துவிடுங்கள். "கொஞ்ச நாளைக்குத்தான்டா, எனக்குப் பயமா இருக்கு" என்று அவனிடம் சொல்லிவிட்டே செய்யலாம். நினைத்தவன் எப்படியும் செய்வான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. உச்சத்துக்குப் போகும் அந்த வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்புகிறது. குடிப்பழக்கம் இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். போதை அந்த வேகத்தைக் கூட்டும்.

"ஆமாக்கா" என்று சொன்னால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள். கீழே கூட்டிவந்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். மனநலப் பிரிவு அங்கேயே இருக்கிறது. நிலைமை கைமீறினால் 108. ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கிறது. தம்பிதான் கூப்பிட வேண்டும் என்றில்லை, நீங்களே கூப்பிட்டு வழி கேட்கலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். தம்பியோ எதுவும் செய்துவிடவில்லை. எண்ணத்துக்கு எந்த வழக்கும் கிடையாது.

டாக்டர் மருந்து கொடுத்தால், அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. கடன் பேச்சு அப்புறம். தம்பி நன்றாகத் தூங்க ஆரம்பித்தபின், நீங்களும் கூடப் போய் வங்கியில் தவணையை மாற்றிக் கேட்கலாம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.