புதிய பள்ளிச் செவிலியருக்கு ஒரு நாள் அறிமுகம் போதுமா?

கேள்வி: கோவையை அடுத்த ஓர் உறைவிடப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். வரும் ஜூனில் இருவர் புதிதாகச் சேர்கிறார்கள். ஒருவர் ஆறு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர். மற்றவர் இப்போதுதான் படிப்பை முடித்தவர். பள்ளி திறக்கும் அன்று ஒரு நாள் அறிமுகம் போதும் என்கிறது நிர்வாகம். இவர்களை எப்படி, எவ்வளவு காலம் பழக்குவது?

பதில்: ஒரு நாளில் மருந்து அலமாரியையும் பதிவேடுகளையும் காட்டி முடிக்கலாம். அதற்கு மேல் எதுவும் நடக்காது. பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்பே இருவரும் வந்துவிட வேண்டும் என்றும், காலாண்டுத் தேர்வு வரை அவர்கள் உங்கள் மேற்பார்வையில் இருப்பார்கள் என்றும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அனுபவசாலிக்குப் பயிற்சி குறைவாக இருந்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் திரையில் எண்கள் ஓடும், கூப்பிடு தூரத்தில் மருத்துவர் இருப்பார், நோயாளி நோயாளிதான் என்பதில் ஐயமும் இராது. உங்கள் அறைக்கு வரும் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்குப் பெரிதாக ஒன்றும் இராது என்பதும், அந்தப் பத்தாவது பிள்ளை யார் என்று கேட்டுச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை என்பதும் அவருக்கு முற்றிலும் புதிய நிலை. புதிதாகப் படித்து வந்தவரோ, கேட்டால் தெரியாதவள் என்று எண்ணிவிடுவார்களோ என்று கேட்காமலே இருந்துவிடுவார். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது குறையைச் சரிசெய்வது எளிது.

ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி முடிவெடுப்பதைப் பற்றியதாக இருக்கட்டும். முதல் இரண்டு வாரங்கள் அவர்கள் உங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அதன் பிறகு அவர்களே பிள்ளைகளைக் கவனிக்க, நீங்கள் பக்கத்தில் இருங்கள். நாள்தோறும் மாலையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய பதிவேட்டிலிருந்து மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஏன் வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார், ஏன் படுக்க வைத்தார், ஏன் பெற்றோரை அழைத்தார் என்று காரணம் சொல்லச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, ‘வயிற்று வலி’ என்ற ஒரே புகாரைப் பல நாள் பேசலாம். திங்கட்கிழமைதோறும் கணக்கு வகுப்புக்கு முன் வரும் வலியும், குடல்வால் அழற்சியில் தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றில் நிலைகொள்ளும் வலியும் ஒன்றல்ல. எட்டாம் வகுப்புப் பையன் கூச்சத்தால் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லி, விரை முறுக்கிக்கொண்டதை மறைத்துவிடக்கூடும். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால் அந்த விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு வேகமாகக் குறையும். கேட்கத் தயங்கக் கூடாத கேள்விகளை எப்படிக் கேட்பது என்பதை உங்களைப் பார்த்துத்தான் அவர்கள் கற்க முடியும்.

அந்த மூன்று நாட்களில் ஆஸ்துமா, வலிப்பு, முதல் வகை நீரிழிவு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் கோப்புகளைப் படிக்கச் செய்யுங்கள். பிள்ளைகள் வந்ததும் முகத்தோடு பெயரைப் பொருத்திக்கொள்ளட்டும். விளையாட்டுத் திடலின் கடைசி மூலையிலிருந்து நோயறைக்கு எத்தனை நிமிடம், 108 வண்டி எந்த வாயில் வழியாக உள்ளே வரும், பாம்புக்கடிக்கு நச்சுமுறி மருந்து இருக்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்பவற்றை நேரில் நடந்தும் விசாரித்தும் அறியட்டும். கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலினும் சர்க்கரை தாழ்ந்தால் கொடுக்கும் குளுக்கோஸும் பூட்டிய அலமாரியில் இருந்து, சாவி ஒருவரிடம் மட்டும் இருக்குமானால், அதை முதலில் மாற்றுங்கள்.

மருந்து விஷயத்தில் எந்த மருந்தை எப்போது, எவ்வளவு கொடுக்கலாம் என்று பள்ளி மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்ட நிலையாணை இல்லாமல் புதியவரைத் தனியே விடாதீர்கள். பாராசிட்டமால்கூட எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. அதனால் ஜூனிலேயே எல்லோரையும் எடை பார்த்துவிடுங்கள். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், விடியற்காலை நான்கு மணிக்கு விடுதிக் காப்பாளர் கொடுத்த மாத்திரையை அறியாமல் ஐந்தரை மணிக்கு நானும் கொடுத்தேன். பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லை. விடுதிக்கும் நோயறைக்கும் ஒரே பதிவேடு என்ற வழக்கம் அன்றுதான் தொடங்கியது.

இன்னொன்றை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பாலியல் துன்புறுத்தல் நடந்ததாக ஒரு பிள்ளை சொன்னாலோ, அறிகுறி தென்பட்டாலோ, தலைமையாசிரியரிடம் தெரிவித்ததோடு செவிலியரின் கடமை முடிந்துவிடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, விவரம் அறிந்த எவரும் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. பிள்ளையைத் துருவித் துருவி விசாரிக்காமல், அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதிவைக்கவும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்போது அழைப்பது என்றும் கற்றுக்கொடுங்கள்.

அவர்களுடைய பணி மதிப்பீட்டை எழுதும் பொறுப்பு மட்டும் உங்களிடம் வேண்டாம். சம்பள உயர்வுக்குக் குறிப்பு எழுதுபவரிடம் யாரும் ‘இன்று தவறு செய்துவிட்டேன்’ என்று வந்து சொல்லமாட்டார்கள். உங்களுக்குத் தேவைப்படுவதோ அந்தச் சொல்தான். மாலை நேரப் பதினைந்து நிமிடத்தையும் உங்கள் பணிநேரத்துக்குள்ளேயே கேளுங்கள். அது உங்கள் ஓய்விலிருந்து போனால் ஆகஸ்டுக்குள் நின்றுவிடும். எட்டு வாரங்கள் முடிவதற்கு முன் முதல் இரவுப் பணியைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் அன்று நீங்கள் வளாகத்திலேயே தங்கி, அழைத்தால் மட்டும் செல்லுங்கள். நள்ளிரவில் தேவையின்றி அழைத்தாலும் கடிந்துகொள்ளாதீர்கள்.