கேள்வி பதில்: முதல் ஊருக்கு மானியம், பத்தாவது ஊருக்கு யார் காசு?

கேள்வி: நாங்க கோத்தகிரி பக்கம் ஒரு மகளிர் குழு. கீழ இருக்கற ஒரு பழங்குடி கிராமத்துல 25 வீட்டுக்கு சோலார் போட ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணம் (கம்பெனிங்க சமூக வேலைக்குன்னு ஒதுக்கற பணம்) தர்றேங்கறாங்க. ஆனா "இதை எப்படி மத்த ஊருக்கும் விரிவுபடுத்துவீங்க"ன்னு ஒரு பக்கம் எழுதிக் கேக்கறாங்க. பணம் தந்தா இன்னும் 10 ஊருக்குப் போடுவோம்னு எழுதினோம், திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன எழுதறது?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: திருப்பி அனுப்பினது நல்லதுக்குதாம்மா, மனசு விட்டுடாதீங்க. 10 ஊருக்கு 10 மடங்கு பணம்னு எழுதினா அது விரிவுபடுத்தறது இல்ல, அதே வேலைய 10 தடவை செய்யறது, அவ்வளவுதான். கம்பெனி என்னைக்கு வேற பக்கம் திரும்புதோ அன்னைக்கே நின்னுடும்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. செலவை ரெண்டாப் பிரிங்க. வீடு வீடாப் போய் கணக்கெடுக்கறது, டிசைன் பண்றது, ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பாக்கறது, ஊர்ப் பொண்ணுங்க நாலு பேருக்கு வயரிங்கும் ரிப்பேரும் கத்துக் குடுக்கறது, இதெல்லாம் பெரும்பாலும் ஒரு தடவை வர்ற செலவு, மானியத்த தயங்காம இதுல போடுங்க. பேனல், பேட்டரி, லைட்டு இதெல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் திரும்பத் திரும்ப வரும். இதுல வீட்டுக்காரங்க பங்கு, குழு கடன், அரசுத் திட்டம்னு வேற வழி ஒண்ணாவது முதல் ஊர்லயே ஆரம்பிச்சிருக்கணும். முதல் ஊருக்கு முழுசா இலவசம்னு குடுத்துட்டு ரெண்டாவது ஊர்ல போய் பங்கு குடுங்கன்னா யார் குடுப்பா, நீங்களே சொல்லுங்க.

எனக்கு இது பட்டுத்தான் புரிஞ்சது. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி நானும் சேர்ந்து வேலை செஞ்ச ஒரு திட்டம், பேர் வேண்டாம், வீட்டுக்கு வீடு பேட்டரி வெச்சுக் குடுத்தோம், போட்டோ எடுத்தோம், கிளம்பிட்டோம். 3 வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் போனா ஒரு வீட்டுத் திண்ணையில பேட்டரி டப்பா கிடக்குது, டெர்மினல்ல பச்சையா பூத்துப் போயி ஸ்க்ரூ கூட தெரியல. அந்த வீட்டு பாட்டி சொல்லுது, "தண்ணி ஊத்தணும்னு சொன்னீங்க சாமி, ஓடைத் தண்ணி தான் ஊத்தினேன்". பேட்டரிக்கு ஊத்த வேண்டியது உப்பு நீக்கின டிஸ்டில் வாட்டர், அத வாங்க பஸ் பிடிச்சு கோத்தகிரி வரணும்னு நாங்க யோசிக்கவே இல்ல. அந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்ல, தப்பு எங்க டிசைன்ல.

அதனால பேட்டரி கணக்க முதல் நாளே போடுங்க. ஒரு பேட்டரி 12,000 ரூபாய், 5 வருஷம் உழைக்குதுன்னு வெச்சுக்கங்க, மாசம் 200 ரூபாய் சேத்தாதான் அடுத்த பேட்டரி வரும். இது அந்த வீட்டால முடியுமா? மெழுகுவத்திக்கும், டார்ச் செல்லுக்கும், கடையில போன் சார்ஜ் போடறதுக்கும் இப்ப என்ன செலவாகுதுன்னு கேட்டு எழுதுங்க. முடியாதுன்னா சிஸ்டத்தைச் சின்னதாக்குங்க, இல்ல லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்குப் போங்க, விலை கூட, ஆனா தண்ணி ஊத்தற வேலையே கிடையாது. அப்புறம் நம்ம மலையில சமவெளிக் கணக்கு செல்லாது. கீழ 1 கிலோவாட் பேனல் நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும்னு எழுதுவாங்க, ஐப்பசி கார்த்திகையில கோத்தகிரி மூடுபனியில நாலு நாள் வெயிலே முகம் காட்டாம இருந்தா என்ன ஆகும்னு கணக்குல இருக்கணும்.

நம்ம மலை அடிவாரத்துல மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி இருக்கே, அதப் போய் பாத்துட்டு வாங்க. முதல்ல 9 கிலோவாட்டுக்கு மரக்கழிவுல ஓடற கருவி வெச்சு குடிதண்ணி பம்ப் ஓட்டிப் பாத்தாங்க. அப்புறம் 2006ல 350 கிலோவாட் காத்தாலை, 1 கோடியே 55 லட்சம். அதுல 40 லட்சம் ஊராட்சியே சேத்து வெச்ச காசு, மிச்சம் பேங்க் கடன். காத்தாலை வருமானத்துலயே கடனை அடைச்சாங்க. சின்னதா செஞ்சு கத்துக்கிட்டு, சொந்தக் காசு போட்டு, பேங்க்காரன் நம்பற மாதிரி கணக்கு காட்டினாங்க பாருங்க, கம்பெனிக்காரங்க கேக்கற அந்த ஒரு பக்கம் இதுதான்.

கேள்வி: கூடலூர் பக்கம் எங்க பாடிக்கு (குடியிருப்புக்கு) மேல ஓடை ஒண்ணு வருஷம் பூரா ஓடுது. சோலார விட, ஓடைத் தண்ணியில சுத்தி கரண்ட் தர்ற சின்ன டர்பைன் நல்லதா சார்? மானியத்துக்கு எழுதலாமா?
(வாசகர், கூடலூர்)

பதில்: தம்பி, தண்ணி நிஜமாவே வருஷம் பூரா இருந்தா இதுக்கு ஈடு கிடையாது. கணக்கு சொல்றேன். செகண்டுக்கு 5 லிட்டர் தண்ணி, 30 மீட்டர் இறக்கம், பாதி வீணாப் போகுதுன்னு வெச்சாலும் 700 வாட் கிட்ட வரும். 700 வாட் சின்னதாத் தெரியும், ஆனா ராத்திரி பகல் ஓடும், நாளைக்கு 16, 17 யூனிட், பேட்டரியும் பெருசா வேண்டாம். அதே அளவுக்கு சோலார்னா 4 கிலோவாட் போடணும்.

ஆனா அளக்காம எழுதாதீங்க. ஒரு குழாய்ல ஓடைத் தண்ணிய மொத்தமா திருப்பி 20 லிட்டர் பக்கெட்ட பிடிங்க, 4 செகண்ட்ல நிறைஞ்சா 5 லிட்டர். இத ஆடி மாசம் அளந்து பிரயோஜனம் இல்ல, மார்ச் ஏப்ரல்ல அளக்கணும், அந்த அளவுக்குத்தான் டர்பைன். ஆடியில வேற ஒரு பயம் இருக்கு, 2019 ஆகஸ்ட்ல நம்ம நீலகிரி அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சே, அந்த மாதிரி வந்தா உங்க தடுப்பு, குழாய் எல்லாம் அடிச்சுட்டுப் போயிடும், அதனால ஓடைக்குள்ள எதையும் பெருசா கட்டாதீங்க, கழட்டி எடுக்கற மாதிரி வைங்க.

வன நிலம்னா அனுமதி வேணும். 2006 வன உரிமைச் சட்டத்துல 3(2) பிரிவு பாருங்க, அரசு நடத்தற 13 வகை வசதிக்கு, ஒவ்வொண்ணுக்கும் 1 ஹெக்டேருக்குக் கீழ, கிராம சபை பரிந்துரையோட நிலம் தரலாம்னு இருக்கு, மரபுசாரா எரிசக்தியும் அந்தப் பட்டியல்ல உண்டு. அரசு நடத்தறதுங்கற வார்த்தைய கவனிங்க, ஊராட்சிய கூட சேத்துக்காம தனியா போனா மாட்டிக்குவீங்க.

இன்னொண்ணு, ஓடைக்கு ஓடை இறக்கம் மாறும், அதனால டர்பைன அப்படியே காப்பி அடிக்க முடியாது. அளக்கற முறையும் அளக்கத் தெரிஞ்ச ஆளுங்களும்தான் அடுத்த ஊருக்குப் போகும். மானியத்துல அதுக்கு காசு கேளுங்க.

கேள்வி: ஈரோட்டுல என் மச்சான் வீட்டு சாண எரிவாயு அருமையா எரியுது. ஊட்டிக்கு மேல எங்க ஊர்ல 50 வீட்டுக்கு எழுதலாமா?
(வாசகர், உதகை)

பதில்: 50க்கு வேண்டாங்க, முதல்ல ஒண்ணு. சாணத்துல வாயு உண்டாக்கற நுண்ணுயிருக்கு 35 டிகிரி சூடு பிடிக்கும், 10 டிகிரிக்குக் கீழ போனா கிட்டத்தட்ட தூங்கிடும். உங்க ஊர்ல மார்கழி தை ராத்திரி உறைபனி. சமவெளியில தொட்டிக்குள்ள சாணி 30, 40 நாள் தங்கற மாதிரி கட்டுவாங்க, குளிர் பிரதேசத்துக்கு 55 நாள் கணக்கு, தொட்டி அந்த அளவுக்குப் பெருசாகும், செலவும் ஏறும். மச்சான் வீட்டு எஸ்டிமேட்ட அப்படியே 50ஆல பெருக்கினா காசு பத்தாது. வெயில் படற இடத்துல ஒரே ஒரு தொட்டி கட்டுங்க, சுத்தி வைக்கோலும் குப்பையும் போட்டு மூடுங்க, சாணிய வெதுவெதுப்பான தண்ணியில கரைங்க, மார்கழி தை ரெண்டு மாசமும் தினமும் காலையில அடுப்பு எத்தனை நிமிஷம் எரியுதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. அந்த நோட்டோட மாசியில எனக்கு திரும்ப எழுதுங்க, 50 வீட்டு கணக்க சேந்தே போடலாம்.