ரத்தம் வராத ஈறுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை எதற்கு?

கேள்வி: வயது 46. சர்க்கரை இருக்கிறது, எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) 8.2. தினம் 12 சிகரெட் பிடிப்பேன். ஈறு நோய்க்கு டீப் கிளீனிங் (ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வது) முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பல் தேய்த்தால் ரத்தமே வருவதில்லை. ஆனாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார் டாக்டர். மனைவிக்கு வருடம் ஒருமுறை போதுமாம். அவசியம்தானா?

பதில்: அவசியம்தான். முதலில், ரத்தம் வரவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். புகைப்பவர்களின் ஈறு, உள்ளே நோய் இருக்கும்போதும் குறைவாகவே கசியும். வெளியே வெளிறி, இறுக்கமாக, நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்பதைப் பல்லின் பளபளப்பு தீர்மானிப்பதில்லை. ஈறு நோய் ஆய்வாளர்கள் லாங், டொனெட்டி இருவரும் 2003-ல் வெளியிட்ட முறையில் ஆறு விஷயங்களைப் பார்ப்பார்கள்: தொட்டால் ரத்தம் வரும் இடங்களின் சதவீதம், 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமுள்ள ஈறுப் பைகளின் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளங்களின்) எண்ணிக்கை, ஞானப்பல் நீங்கலாக 28-ல் இழந்த பற்கள், வயதோடு ஒப்பிட்ட எலும்பு இழப்பு, சர்க்கரை போன்ற உடல்நிலை, புகை. இவற்றில் இரண்டு 'அதிகம்' என்றாலே மொத்தத்தில் அதிக ஆபத்துதான்.

இதில் பலர் தவறவிடுவது எலும்புக் கணக்கு. எக்ஸ்ரேயில் பின்பற்களில் மிக மோசமானதை எடுத்து, வேரின் நீளத்தில் எத்தனை சதவீதம் எலும்பு போயிருக்கிறது என்று பார்த்து வயதால் வகுக்க வேண்டும். உங்கள் எக்ஸ்ரே எங்களிடம் இல்லை. 50 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 50-ஐ 46-ஆல் வகுத்தால் 1.09. ஒன்றைத் தாண்டினாலே அதிகம். அதே 50 சதவீதம் 70 வயதுக்காரருக்கு 0.71, நடுத்தரம்தான். சேதம் ஒன்றே, வேகம்தான் வேறு. சர்க்கரையும் 'அதிகம்' பட்டியலில் இருப்பதால், அப்படியானால் உங்களுக்கு இரண்டும் சேர்ந்துவிட்டன. 12 சிகரெட் இந்த முறையில் நடுத்தரம். ஆனால் 2018-ல் வெளியான ஈறு நோய் வகைப்பாட்டில் தினம் 10-ஐத் தொட்டாலே, எச்பிஏ1சி 7-ஐத் தொட்டாலே, வேகமாக முற்றும் 'சி' தரம்.

3 மாதம் என்பதற்கும் காரணம் உண்டு. சுத்தம் செய்த பையில் கிருமிகள் சில வாரங்களிலேயே மீண்டும் குடியேறத் தொடங்கும். அவை பழைய பலத்துக்கு வருமுன் கலைப்பதே நோக்கம்.

அடுத்த முறை போகும்போது சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடங்களில் ஆழம் எழுதியிருக்க வேண்டும். 28 பல் என்றால் 168 எண்கள். அளக்காமல் மேலாக ஸ்கேலிங் மட்டும் செய்து அனுப்பினால் அது ஈறு நோய்ப் பராமரிப்பு ஆகாது. ரத்தக் கசிவு இல்லாத 4 மி.மீ. பைகளை விட்டுவிடலாம். 4, 5 மி.மீ.யில் கசிந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி சுத்தம் செய்வார்கள். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் நின்றுவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். அதற்கு அவசரப்படாதீர்கள். புகையும் 8.2-ம் இப்படியே இருந்தால் தையல் போட்ட இடம் ஆறுவது மந்தமாகும், கிடைக்கும் பலனும் குறையும். முதலில் அவற்றைக் குறைப்பதுதான் நல்ல வழி.

போன எலும்பும் விழுந்த பல்லும் கணக்கில் மாறாது. கசிவு, பை, சிகரெட், சர்க்கரை நான்கும் உங்கள் கையில். ஈறு நன்றாக ஆறினால் எச்பிஏ1சி-யும் சுமார் 0.4 இறங்கக்கூடும்; சர்க்கரை மாத்திரைக்கு அது மாற்றல்ல. பல்லிடுக்குக்கு லேசாக இறுக்கமாக நுழையும் அளவில் இடைப்பல் பிரஷை இரவுதோறும் போடுங்கள். தளர்வாக நுழைவது பிளாக்கை (பல்லில் படியும் கிருமிப் படலத்தை) தொடாது. சில முறை தொடர்ந்து எண்கள் நன்றாக இருந்தால், இடைவெளியை 4 மாதம், 6 மாதம் என்று நீட்டச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேட்கலாம்.