ஏற்காட்டில் ஒரு பேசில்

வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். பேசில் என்ற சிடுமூஞ்சி ஓட்டல் முதலாளியைப் பற்றிய பிபிசியின் நகைச்சுவைத் தொடரான ஃபால்ட்டி டவர்ஸைக் கல்லூரிக் காலத்தில் ஒரு நண்பன் கொடுத்த சிடியில் பார்த்தேன், அன்றிலிருந்து பைத்தியம். 2023இல், பேசிலாக நடித்த ஜான் கிளீஸ் தன் மகளோடு சேர்ந்து அதை மறுபடி எடுக்கப்போவதாக அறிவித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் மனைவியோ, "பழசு அப்படியேதானே இருக்கு, யாரும் அழிக்கலையே, புதுசா எடுத்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்கிறாள். இங்கிலாந்தின் தி ஆபீஸ் தொடரை அமெரிக்காக்காரர்கள் எடுத்து நன்றாக வரவில்லையா என்று வேறு மடக்குகிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று சார். என் பெரியப்பா ஏற்காட்டில் கொஞ்ச காலம் லாட்ஜ் நடத்தினார். பேசிலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம்தான் வரும். இதைத் தமிழில், ஏற்காட்டில் வைத்து எடுத்தால் என்ன? பேசிலாக யாரைப் போடலாம்?

(பெயர் போட வேண்டாம். பெரியப்பா வீட்டில் உங்களைப் படிக்கிறார்கள்.)

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவியிடம் இப்போதே தோற்றுவிடுங்கள். அவர் சொல்வது சரி, பழைய பன்னிரண்டு எபிசோடுகளும் பத்திரமாக இருக்கின்றன. நஷ்டம் ஒன்றும் கிடையாது. என் கேள்வி வேறு: இருக்கிற ஒன்றை எதற்காக மறுபடி எடுக்க வேண்டும்?

எடுத்தே ஆக வேண்டிய நிலை பிபிசியின் இன்னொரு தொடருக்கு வந்தது. டாட்ஸ் ஆர்மி என்று 1968 முதல் 1977 வரை 80 எபிசோடுகள் ஓடிய தொடர், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஊர்க்காவல் படைக் கிழவர்களைப் பற்றியது. அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே டேப்பில் புதிதைப் பதிவார்கள், அப்படி இரண்டாம் சீசனில் மூன்று எபிசோடுகள் போயே போயின. எழுதி வைத்த வசனமும் ஒரு எபிசோடின் ஒலிப்பதிவும்தான் மிச்சம். 2019இல் வேறு நடிகர்களைப் போட்டு அந்த மூன்றையும் திரும்ப எடுத்தார்கள். பழைய நடிகர்களுக்கு இது ஈடாகுமா என்று யாரும் கேட்கலாம்தான், ஆனால் அங்கே பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரிஜினலே இல்லை என்பதால் அந்த வேலையில் ஒரு நியாயம் இருந்தது. நம் தூர்தர்ஷன் நாடகங்களில் எத்தனை இப்படிப் போயிருக்குமோ, அவற்றுக்கு யாராவது இதைச் செய்தால் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

அதற்காக நாம் சேலத்துக்காரர்கள் மறுபடி எடுப்பதைப் பற்றி ரொம்பவும் புனிதம் பேசக் கூடாது. ஏற்காடு போகிற வழியில் பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டித்தானே போகிறோம். அங்கே டி.ஆர். சுந்தரம் 1940இல் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம் கொடுத்து உத்தம புத்திரன் எடுத்தார். 1958இல் அதே பெயரில் சிவாஜி கணேசனை வைத்து வேறொரு கம்பெனி எடுத்தது. இன்றைக்கு உத்தம புத்திரன் என்று சொன்னால் நம் ஊரிலேயே பலருக்கு சிவாஜிதான் ஞாபகம் வருகிறார், சின்னப்பாவுக்காக வருத்தப்படுகிறவர்கள் எல்லாம் என் அப்பா வயதுக்காரர்கள். ஆக, ராஜா கதையைக் கை மாற்றலாம். கிரீடத்தை எந்தத் தலையில் வைத்தாலும் கதை ஓடும்.

சிரிப்பு அப்படிக் கை மாறாது. கரகாட்டக்காரன் வாழைப்பழக் காட்சியின் வசனம் தமிழ்நாட்டில் குழந்தைக்குக்கூட மனப்பாடம், அடுத்து என்ன வரும் என்று தெரிந்தும் சிரிக்கிறோம். கவுண்டமணி கை ஓங்குவதற்கு முன்னால் விடுகிற அந்த ஒரு நொடி இடைவெளி எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. அதே வசனத்தை வேறு இருவர் பேசினால் திருவிழா மேடையில் மிமிக்ரியாக ரசிக்கலாம், அவ்வளவுதான். 2024இல் லண்டனில் ஃபால்ட்டி டவர்ஸை மேடை நாடகமாகப் போட்டார்களே, பழைய எபிசோடுகளில் மூன்றைச் சேர்த்துக் கட்டிய நாடகம், அதையும் நான் இந்தக் கணக்கில்தான் வைப்பேன். தப்பில்லை. பிடித்ததைத் திரும்பக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கான கச்சேரி அது.

கிளீஸே எழுதினால்? அவர் 1939இல் பிறந்தவர், அறிவிப்பு வந்தபோது வயது எண்பத்து மூன்று. வயதுகூட இருக்கட்டும். பலரும் மறந்துபோவது, அந்தத் தொடரை அவர் தனியாக எழுதவில்லை என்பதை. அப்போதைய மனைவி கோனி பூத்தும் சேர்ந்து எழுதினார், பாலி என்ற பணிப்பெண்ணாக நடித்ததும் அவர்தான். முதல் ஆறு எபிசோடுகள் 1975இல் வந்தன, அடுத்த ஆறு 1979இல். நடுவில் இருவருக்கும் விவாகரத்தே ஆகிவிட்டது, ஆனாலும் சேர்ந்து உட்கார்ந்து மிச்சத்தை எழுதி முடித்தார்கள். (கோனி பூத் பிறகு நடிப்பை விட்டுவிட்டு மனநல சிகிச்சையாளர் ஆனார். பேசிலோடு அத்தனை நாள் இருந்தவருக்குப் பயிற்சி தனியாகத் தேவைப்பட்டிருக்காது.) புதிய திட்டத்தில் அவர் இல்லை. எழுதிய கைகளில் பாதி இல்லாமல், பெயர்ப்பலகையை மட்டும் தூசி தட்டி மாட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை.

அமெரிக்காக்காரர்கள் இதை ஒரு தடவை இல்லை, மூன்று தடவை முயன்று பார்த்தார்கள். 1983இல் எடுத்ததைப் பற்றிக் கிளீஸ் பல இடங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறார்: "ஒரே ஒரு மாற்றம்தான் செய்தோம், பேசிலை எடுத்துவிட்டோம்" என்றார்களாம். நிஜமாகவே எடுத்துவிட்டு, அவருடைய வசனங்களையெல்லாம் ஓட்டல்காரம்மா ஒருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். ஓடவில்லை. தி ஆபீஸ் ஓடியது, ஒப்புக்கொள்கிறேன், ஒன்பது சீசன். ஆனால் உங்கள் மனைவியிடம் முதல் எபிசோடைத் திரும்பப் போட்டுக் காட்டுங்கள், கிட்டத்தட்ட இங்கிலாந்து வசனம் அப்படியே இருக்கும், காற்றுப் போன பந்து மாதிரி கிடக்கும். இரண்டாம் சீசனில் மூலத்தை மறந்துவிட்டு அந்த மேனேஜரை அமெரிக்க ஆளாகவே எழுத ஆரம்பித்த பிறகுதான் உயிர் வந்தது.

அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு முதலாவதைவிடப் பிடித்திருக்கிறது. ஃபால்ட்டி டவர்ஸை மறுபடி எடுக்க வேண்டாம், ஆனால் உங்கள் பெரியப்பாவை எடுக்கலாம்.

பேசிலும் ஒரு நிஜப் பெரியப்பாதான். 1970இல் கிளீஸும் நண்பர்களும் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு ஓட்டலில் தங்கினார்கள். முதலாளி, வந்திருந்த அமெரிக்கர் ஒருவர் முள்கரண்டி பிடிக்கும் முறை சரியில்லை என்று கண்டித்தார். இன்னொருவருடைய பெட்டியை, உள்ளே டிக் டிக் சத்தம் கேட்கிறது, குண்டாக இருக்கலாம் என்று வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார். இருந்தது அலாரம் கடிகாரம். மற்றவர்கள் வேறு ஓட்டல் பார்த்துப் போய்விட, கிளீஸ் மட்டும் இருந்து வேடிக்கை பார்த்தார். அந்த ஆளுக்கு என்ன வியாதி என்றால், அவர் ஓட்டலுக்கு வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது, அவருக்குப் பிடித்தவர்கள் அவர் ஓட்டலுக்கு வர மாட்டார்கள்.

இந்த வியாதிக்கு ஏற்காட்டைவிடப் பொருத்தமான சீதோஷ்ணம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து, அந்த மலையில் துரை யார் என்ற கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விடுதி முதலாளி, பெயர் வேண்டாம், மே மாதம் கோடை விழா நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு முகத்தைப் பார்க்க மாட்டார், நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பார். கே.ஏ. என்றால் பெங்களூர், உடனே ஒரு புன்னகை, லேக் வியூ ரூம் இருக்கிறது. டி.என். 30 என்றால், நம்ம சேலம்தான், "ஃபுல்லுங்க". புளிசாதத் தூக்கும் கேஸ் அடுப்புமாக இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஒரு அறைக்கு எட்டுப் பேர் வந்து, பாத்ரூமில் துணி துவைத்துப் பால்கனியில் காயப்போடுகிற நம்மைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஆனால் ஜூன் முதல் மார்ச் வரை அவருக்குச் சோறு போடுவது நாம்தான். அதை அவர் ஒவ்வொரு நாளும் மன்னிக்க முடியாமல் தவிக்கிறார் பாருங்கள், அங்கே இருக்கிறது கதை.

மூலத்தின் முதல் எபிசோடில் ஒரு போலி லார்டு வந்து பேசிலை ஏமாற்றுவான். இங்கே லார்டுக்கு எங்கே போவது? லொகேஷன் பார்க்க வந்த டைரக்டர் என்று கூலிங் கிளாஸோடு ஒருவன் இறங்கினால் போதும், நம் ஆள் பிரியாணியும் ரூமும் இலவசமாகக் கொடுத்து, தன் மகனுக்கு ஒரு சீன் கேட்பார். இன்னொரு எபிசோடில் ஓட்டல் இன்ஸ்பெக்டர் யார் என்று தெரியாமல் தவறான ஆளுக்குக் குழைவார் பேசில். இப்போது அந்த இன்ஸ்பெக்டர் வேலையை யூடியூப் பையன்கள் பார்க்கிறார்கள். செல்போனைத் தூக்கிப் பிடிக்கிற எவனைப் பார்த்தாலும் முதலாளிக்குக் கால் நடுங்க வேண்டும், கடைசியில் அவன் சிக்னல் தேடிக்கொண்டிருந்தவனாக இருப்பான்.

கஷ்டமான இடம் மானுவல். ஸ்பெயினிலிருந்து வந்த சர்வர், ஆங்கிலம் தெரியாது, அடி உதை எல்லாம் அவனுக்குத்தான். இதை ஸ்பெயினில் ஒளிபரப்பியபோது மானுவலை இத்தாலிக்காரனாக்கிவிட்டார்கள், யாருக்குத்தான் தன் ஊர்க்காரன் அடி வாங்குவதைப் பார்க்கப் பிடிக்கும்! ஏற்காட்டில் அவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அசாமிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, சமையலறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் படுத்து எழுகிற பையன். அவனுடைய தமிழைக் கிண்டல் செய்கிற காட்சிகள் நம் சினிமாவிலும் டிவியிலும் ஏற்கனவே வேண்டிய மட்டும் இருக்கின்றன, எனக்கு அவை குமட்டுகின்றன. சும்மா எடுக்கக் கொடுத்தால் நம்மவர்கள் முதல் ஐந்து நிமிடத்தில் அந்தப் பள்ளத்தில்தான் விழுவார்கள்.

ஃபால்ட்டி டவர்ஸைக் கவனித்துப் பார்த்தீர்களானால், மொழி தெரியாமல் அசடு வழிகிற ஆள் மானுவல் இல்லை, பேசில்தான். தனக்கு உயர்ந்த ஸ்பானிஷ் தெரியும், இவன் பேசுவது ஏதோ கொச்சை என்று அலட்டுவார், அவர் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையும் அவனுக்குப் புரியாது. மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்தவர், 1938இல் நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்த பிள்ளை. புது ஊரில் மொழி தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது.

அதனால் நம் ஏற்காட்டு முதலாளி இந்தி பிரச்சார சபாவில் ராஷ்டிரபாஷா வரை பாஸ் பண்ணியவராக இருக்கட்டும், சர்டிபிகேட்டை வரவேற்பறையில் பிரேம் போட்டு மாட்டியிருக்கட்டும். பையனிடம் சுத்த இலக்கண இந்தியில் ஆணை இடுவார், வீட்டில் அஸ்ஸாமி பேசி வளர்ந்த அவனுக்கு அது சமஸ்கிருத மந்திரம் மாதிரி கேட்கும், வெந்நீர் கேட்ட அறைக்குத் துடைப்பம் போகும். அவனோ ஆறே மாதத்தில் சமையல்கார அம்மாவிடம் சேலத்துத் தமிழை மணியாகக் கற்றிருப்பான், முதலாளிக்கு மட்டும் அது தெரியாது. ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பைப் பற்றிய மைண்ட் யுவர் லாங்குவேஜை 1993இல் இந்தி வகுப்பாகத் திருப்பிப் போட்டு ஜபான் சம்பால்கே எடுத்தார்களே, பங்கஜ் கபூர் வாத்தியாராக வருவார், இந்த மாதிரித் திருப்பிப் போடுதலைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது நீளம். நம் சானல்கள் இதை எடுத்தால் திங்கள் முதல் சனி வரை, மூன்று வருடம். நடுவில் பேசிலுக்கு ஒரு இரட்டைப் பிறவி வரும், மாமியார் விஷம் வைப்பார். ஒரு பொய், அதை மறைக்க இன்னொரு பொய், கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றோடொன்று மோத வேண்டும், இப்படி ஒரு அரை மணி நேரத்தைக் கட்ட எழுதுகிறவனுக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். அவர்கள் இரண்டு பேர் சேர்ந்து பன்னிரண்டுதான் எழுதினார்கள். தூர்தர்ஷனில் தொடர் என்றாலே பதின்மூன்று வாரம் என்று ஒரு கணக்கு இருந்தது, அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும், அந்தக் கண்டிப்பில் நல்ல எழுத்தும் பிறந்தது. இப்போது ஓடிடி வந்த பிறகு எட்டு, பத்து எபிசோடு என்று அந்த அளவு திரும்ப வந்திருக்கிறது. சிரிப்புக்குத்தான் யாரும் அதைப் பயன்படுத்தக் காணோம், எட்டு எபிசோடு என்றாலே ஒரு பிணம் கிடக்கிறது.

யாரைப் போடலாம் என்றீர்கள். அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். ஸ்டார் பெயரில் ஆரம்பித்தால் அவருக்கு ஒரு அறிமுகப் பாட்டு வேண்டும், பேசிலுக்கு ஒரு நல்ல மனசு வேண்டும், கடைசியில் அசாம் பையனின் தங்கைக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும். பேசில் கடைசி வரை திருந்தவே கூடாது.

எழுத வேண்டியவர் நீங்கள்தான், லாட்ஜுக்குள் இருந்து பார்த்தவர் நீங்கள். ஒரே ஒரு எபிசோடு எழுதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். இந்தி வசனத்தை யாராவது பிராத்மிக்காவது பாஸ் பண்ணியவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள், தப்பாக இருந்தாலும் இலக்கணப்படி தப்பாக இருக்க வேண்டும். பெரியம்மா எப்படி? பேசிலின் மனைவி சிபில் மாதிரியா? அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லையே.