எச்டிபி (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுல பிளாஸ்டிக் குப்பைய சூடாக்கி டீசல் எடுக்க முடியுமா?

எடுக்க முடியும். ஆனா எச்டிபி கிச்சன்ல வேணாம் தம்பி. யூடியூப்ல யாரோ கேஸ் சிலிண்டர வெட்டி செஞ்சத பாத்துட்டுதான் கேக்கறீங்கன்னு நினைக்கறேன். அவங்க நட்டநடு தோட்டத்துல செய்றாங்க, உங்களுக்கு சுவத்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தூங்கறாங்க.

துவாஸ் தொழிற்பேட்டை பக்கம் ஒரு சின்ன பிளான்ட்ல இதே வேலைய டெக்னீஷியனா பாத்தவன் நான். பெரிய படிப்பெல்லாம் இல்ல, கெமிஸ்ட்ரி தப்புன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, கையால செஞ்சத சொல்றேன். காத்து புகாம 400, 500 டிகிரிக்கு சூடு பண்ணா பிளாஸ்டிக் உடைஞ்சு ஆவியாகும், அத குளிர வெச்சா எண்ணெய். பைராலிசிஸ்னு சொல்லுவாங்க. எங்கயாச்சும் லீக்காகி உள்ள காத்து புகுந்துச்சுன்னா வெடிக்கும்.

எண்ணெய் எடுக்கறதுகூட பரவால்ல, உள்ள என்ன போடறோம்ங்கறதுலதான் உயிர் போகும். பிளாஸ்டிக் பை, பால் பாட்டில்ல நல்லாவே வரும், ஆனா மெழுகும் சேந்து வந்து பைப்ப அடைச்சு பிரஷர் ஏறிடும். தண்ணி பாட்டில் போட்டா எண்ணெய்க்கு பதிலா பொடி பொடியா ஆசிட்தான் படியும். பைப், ஒயர்ல வர்ற பிவிசி பிளாஸ்டிக் கலந்துச்சோ, ஹைட்ரஜன் குளோரைடுங்கற ஆசிட் வாயு வந்து இரும்பையே தின்னுடும். எங்களுக்கு ஒரு லோடுல பழைய ஒயரும் பைப் துண்டுமா வந்துச்சு, பிரிக்க ஆள் கேட்டோம், தரல, ஆவிய குளிர வெக்கற கண்டென்சர் ஓட்டையாச்சு, பழி நைட் ஷிப்ட் மேல. வெளியாளுங்க சுத்திப் பாக்க வந்த அன்னிக்கு மட்டும் ஆபீஸ் ஆளுங்க புது ஹெல்மெட் மாட்டி போட்டோல நின்னாங்க, எங்கள பின்பக்கமா சாப்பிட அனுப்பிட்டாங்க. கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா இன்னும் எரியுது.

அப்புறம் வர்றது டீசலும் இல்ல. பெட்ரோல், டீசல், மெழுகு எல்லாம் கலந்த நாத்தம் புடிச்ச கலவை, மறுபடி காய்ச்சிப் பிரிக்காம வண்டில ஊத்தினா இன்ஜின் போச்சு. அளவுக்கு மேல சேத்து வெக்க எஸ்சிடிஎஃப் (தீயணைப்பு, குடிமைத் தற்காப்புப் படை) லைசென்ஸ் வேற வேணும்.

குப்பை வீணாகுதேன்னு கவலையா? பிளாக்குல குப்பை கொட்டற ஷூட்ல போடறத எரிச்சு ஏற்கனவே கரண்ட் எடுக்கறாங்க, சாம்பல்தான் குப்பைக் கிடங்கா இருக்கற செமக்காவ் தீவுக்குப் போகுது, அதுவும் 2035 வாக்குல நிரம்பிடும்ங்கறாங்க. ரீசைக்கிளுக்கு வெச்சிருக்கற நீலத் தொட்டில விழறதுல 40 சதவீதம் அழுக்காகி ரீசைக்கிள் பண்ண முடியாம போகுது, மீ கோரெங் நூடுல்ஸ் டப்பாவ கழுவாம போடறவங்கள என்ன சொல்ல!

பாலிடெக்னிக்ல படிக்கறீங்கன்னா லெக்சரர்கிட்ட கேளுங்க, புகை உறிஞ்சற வசதி உள்ள லேப்ல கையளவு செஞ்சு பாக்கலாம்.