வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் நுழைய எஸ்எஸ்எச், ஆர்டிபி, விபிஎன் என்கிறார்களே, இதில் எதைப் பயன்படுத்துவது?

இந்த மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. எஸ்எஸ்எச், ஆர்டிபி இரண்டும் எங்கோ இருக்கும் ஒரு கணினியை இங்கிருந்தே இயக்க. விபிஎன், உங்கள் மடிக்கணினியையே அலுவலக நெட்வொர்க்குக்குள் கொண்டுபோய் உட்கார வைக்க. அதனால் என் பதில்: முதலில் விபிஎன், உள்ளே போன பிறகு லினக்ஸ் என்றால் எஸ்எஸ்எச், விண்டோஸ் என்றால் ஆர்டிபி.

ஒரு காலத்தில் தூரத்துக் கணினியை இயக்க டெல்நெட் என்ற பழைய முறைதான் எல்லாவற்றுக்கும். அதில் கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பாதுகாப்பாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் நடுவில் யாராவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால், நீங்கள் தட்டிய எழுத்து ஒவ்வொன்றும் அப்படியே வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிக் கடவுச்சொற்கள் திருடுபோன பிறகுதான், அங்கிருந்த டாட்டு இலோனென் 1995இல் எஸ்எஸ்எச் எழுதினார். ஒவ்வொரு சேவைக்கும் கணினியில் போர்ட் என்ற கதவு எண் ஒன்று உண்டு: கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் 22 காலியாக இருந்தது. அதைக் கேட்டு, எண் ஒதுக்குபவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார், மறுநாளே கொடுத்துவிட்டார்கள்.

எஸ்எஸ்எச்சில் முதல்முறை ஒரு சர்வருடன் இணையும்போது, அந்த சர்வரின் அடையாளமான 'கைரேகை' என்ற நீளமான எழுத்துக்கோவையைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். எல்லோரும் படிக்காமலே 'யெஸ்' அடிப்போம் (நானும் அடித்தவன்தான்). எதிரில் இருப்பது உண்மையிலேயே உங்கள் சர்வரா என்று சரிபார்க்க அது தரும் வாய்ப்பு அது. பிறகு ஒருநாள் அதே சர்வருக்குப் போகும்போது கைரேகை மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் கத்தினால், உங்கள் கணினியில் சேமித்திருக்கும் பழைய கைரேகை வரியை அழித்துவிட்டு உள்ளே போகாதீர்கள். சர்வரை யாராவது புதிதாக நிறுவினார்களா என்று முதலில் கேளுங்கள். அப்புறம், கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டு சாவிக்கு (உங்கள் கணினியில் இருக்கும் ஒரு ரகசியக் கோப்பு) மாறுங்கள். 22ஐ இணையத்துக்குத் திறந்து வைத்த சர்வரின் லாகை (நுழைவு முயற்சிகளின் பதிவேட்டை) ஒருநாள் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட் என்று ஏதேதோ பெயரில் யார் யாரோ தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆர்டிபி திரை முழுவதையும் கொண்டுவந்து தரும், பயன்படுத்தச் சுகமானது. ஆனால் அதன் போர்ட்டான 3389ஐ நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைப்பதை நான் எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2019இல் வெளிவந்த புளூகீப் என்ற ஆர்டிபி ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. பாதுகாப்புத் திருத்தம் (பேட்ச்) போடாத பழைய விண்டோஸ் ஒன்றின் அந்தக் கதவு வெளியே தெரிந்தாலே போதும். இதேபோலத் திரையைக் கொண்டுவரும் விஎன்சிக்கும் இதே சட்டம்தான். அதன் பழைய முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துக்கு மேல் கணக்கிலேயே வராது.

விபிஎன்னில் பல வகை உண்டு. பிபிடிபி என்று எங்காவது தேர்வு வந்தால் தொடாதீர்கள், அது எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது. ஓபன்விபிஎன் நம்பகமானது, கொஞ்சம் கனமானது. இப்போது புதிதாக அமைத்தால் நான் வயர்கார்டுதான் போடுவேன். 2020இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே, 5.6ஆம் பதிப்பில், சேர்ந்துவிட்டது. சரியான சாவி இல்லாதவர் தட்டினால் 'யாரது' என்றுகூடக் கேட்காது, அப்படி ஒன்று அங்கே இருப்பதே வெளியில் தெரியாது. அந்த மௌனம் நமக்கும் சேர்த்துத்தான்: சாவியில் ஓர் எழுத்து தவறினாலும் பிழை என்று ஒன்றும் வராது, சும்மா இணையாது.

கடைசியாக, நான் ஒரு மாலை முழுக்கத் தொலைத்த விஷயம். விபிஎன் இணைந்துவிட்டது, பச்சை விளக்கும் எரிகிறது. அலுவலக ஃபைல் சர்வர் மட்டும் திறக்கவில்லை. சாவியை மாற்றினேன், ஃபயர்வாலைத் துழாவினேன், சர்வரையே மறுதொடக்கம் செய்தேன். கடைசியில் பார்த்தால், அலுவலக நெட்வொர்க்கின் முகவரி வரிசை 192.168.1 என்று தொடங்குவது, என் வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1. சர்வரைத் தேடிய பாக்கெட்டெல்லாம் விபிஎன் சுரங்கத்துக்குள் போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்திருக்கிறது. பாதி ரவுட்டர்கள் இதே எண்ணோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. அதனால் அலுவலகப் பக்கம் யார் அமைக்கிறார்களோ அவர்களிடம், 10.83.40 மாதிரி யார் வீட்டிலும் எளிதில் இருக்காத ஒரு வரிசையை வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே 192.168.1இல் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டு ரவுட்டரின் எண்ணை மாற்றிவிடுங்கள், அது ஐந்து நிமிட வேலை.