வேலையற்றவர்களும் ஆறும்

கேள்வி: இங்கிலாந்தில் ஃப்ளை ஃபிஷிங் செய்வதை டி.வி.யில் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கிறார்கள், இறகில் செய்த பொய் ஈயை வீசுகிறார்கள், சிக்கிய மீனையும் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேலையற்றவர்கள் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். ஓர் ஆற்றுக்கு அப்படிப்பட்டவர்கள் நாலு பேராவது வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் கேள்வி திருப்பூரிலிருந்து வந்திருக்கிறது, லேசில் விடமாட்டேன்.

முதலில் அந்த ஈ. தெற்கு இங்கிலாந்தில் டெஸ்ட், இட்சன், கென்னட் என்று சில ஆறுகள் இருக்கின்றன. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, ஊற்றாகக் கிளம்பி ஓடும் ஆறுகள். கோடையிலும் குளிர்ச்சி, அடி வரை தெளிவு. அந்த வண்டலுக்குள் மேஃப்ளை என்ற பூச்சியின் புழு வளை தோண்டிக்கொண்டு இரண்டு வருஷம் வரை கிடக்கிறது. மே மாதக் கடைசியில் மேலே நீந்தி வந்து, நீர்ப்பரப்பிலேயே தோலைப் பிளந்துகொண்டு சிறகோடு எழும்புகிறது. கரையோரச் செடியில் போய் உட்கார்ந்து இன்னொரு தடவை தோலுரிக்கிறது. பறக்கும் சிறகு வந்த பிறகும் தோலுரிக்கிற பூச்சியினம் இது ஒன்றுதான். அப்புறம் அதற்குச் சாப்பாடே கிடையாது. வாய் வேலை செய்யாது, குடலுக்குள் இருப்பது காற்று. நம் ஈசலைப் போல ஒன்றிரண்டு நாளில் கூடி, முட்டையிட்டு, சிறகு விரிந்தபடி தண்ணீரில் விழுந்து சாகிறது. இப்படி அடுத்தடுத்து கூட்டம் கூட்டமாக எழும்பும் இரண்டு வாரமும் ட்ரவுட் மீனுக்கு விருந்து.

இந்த வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு போலி உண்டு. கொக்கியின் தண்டில் பட்டு நூல் சுற்றி, அதன்மேல் சேவலின் கழுத்திறகு ஒன்றை வளைத்துச் சுற்றினால் இறகின் இழைகள் நாலாபக்கமும் விறைத்து நிற்கும். அந்த இழை நுனிகளை ஊன்றிக்கொண்டுதான் போலி ஈ தண்ணீர்மேல் நிற்கிறது. அதற்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. நம் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னால் போகும், நரம்பு அதன் பின்னால் போகும். இங்கே கனம் முழுக்க நூலில் இருக்கிறது. கோலைப் பின்பக்கம் வீசி, நூல் முதுகுக்குப் பின்னால் முழுசாக நீளும் வரை ஒரு கணம் பொறுத்து, அதற்கப்புறம் முன்னால் செலுத்த வேண்டும். அந்தக் கணத்தைப் பொறுக்காதவனுடைய நூல் சொடுக்கும், ஈ அறுந்து பறந்துவிடும்.

இந்த ஈயை வைத்து அங்கே நடந்த சண்டையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் என்பவர் 1886-லும் 1889-லும் எழுதிய இரண்டு புத்தகங்களில் விதிமுறை வகுத்தார்: ஈ மிதக்க வேண்டும், மேலே வந்து பூச்சி தின்னும் மீனுக்கு மட்டுமே வீச வேண்டும், மீனுக்குக் கீழ்ப்பக்கம் நின்று, ஓட்டத்துக்கு எதிராக வீச வேண்டும். சிஷ்யர்கள் அதை வேதமாக்கிவிட்டார்கள். மீறுகிறவன் கனவானே இல்லை என்றார்கள். ஜி.இ.எம். ஸ்க்யூஸ் என்ற லண்டன் வக்கீல் மட்டும் கேட்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? எலும்பு மஜ்ஜை தோண்டி எடுக்கும் நீண்ட கரண்டியைச் செத்த மீனின் தொண்டைக்குள் விட்டு, வயிற்றில் இருந்ததை வழித்தெடுத்து, வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துப் பார்த்தார். மிதந்தவை பெரும்பாலும் சிறகு முளைக்காத புழுக்கள். மீன் நீருக்கடியில்தான் வயிற்றை நிரப்புகிறது என்று கண்டு, மூழ்கும் ஈயைக் கட்டி, 1910-ல் புத்தகமும் போட்டார். 1938-ல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே ஒரு விவாதம் வைத்து, எண்பதை நெருங்கிய கிழவரை உட்காரவைத்து வறுத்தெடுத்தார்கள்.

நான் ஸ்க்யூஸ் கட்சி. விதியைச் சொன்னவர் எவ்வளவு பெரியவரானாலும், மீனின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் பேச்சுக்குத்தான் மரியாதை. நம் ஊரில் ஆற்றைப் பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு கல்லைப் புரட்டி அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்? கரைக்குக் காங்கிரீட் சுவர் வைத்து, நடைபாதை போட்டு, விளக்கு மாட்டுவதை ‘ஆற்றை அழகுபடுத்துதல்’ என்கிறார்கள். அது ஆற்றைக் கொல்லும் வேலை என்று இதே பக்கத்தில் எழுதியபோது என்னைத் திட்டிக் கடிதங்கள் வந்தன. இப்போதும் அதையேதான் சொல்கிறேன். வண்டலும் வேரும் கூழாங்கல்லும் இல்லாத இடத்தில் அந்தப் புழு எங்கே வளை தோண்டும்?

பொழுதுபோக்கால் என்ன பிரயோஜனம் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன்.

2013 ஜூலை முதல் தேதி, கென்னட் ஆறு, மார்ல்பரோ ஊருக்குப் பக்கத்தில். தூண்டில்காரர்களுக்காகத் தொடங்கிய பூச்சிக் கணக்கெடுப்பு ஒன்று அந்த நாட்டில் உண்டு. வலையை ஆற்றின் அடியில் ஊன்றி, அதற்கு முன்னால் பூட்ஸ் காலால் மூன்று நிமிஷம் கூழாங்கல்லைக் கிளறி, வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுவார்கள். அன்றைக்குத் தண்ணீர் தெளிவு, மீன்கள் உயிரோடு இருந்தன, தட்டில் மட்டும் பூச்சிகள் செத்துக்கிடந்தன. சோதித்தால் குளோர்பைரிபாஸ். நம் உரக்கடைகளில் கரையானுக்குக் கேட்டு வாங்கும் அதே மருந்து. சிறிய அளவுதான், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் கலந்து, சுமார் 15 கிலோமீட்டருக்குப் பூச்சிகளைத் துடைத்துவிட்டது. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பாட்டில் தண்ணீர், எடுத்த அந்த நேரத்துக் கதையை மட்டும் சொல்லும். நேற்று ராத்திரி என்ன போனது என்பது அடியில் கிடக்கும் புழுவுக்குத் தெரியும். அதை எண்ணிக்கொண்டு உட்கார யாருக்குப் பொழுது இருக்கிறது? நீங்கள் சொன்ன வேலையற்றவர்களுக்குத்தான்.

இரண்டாவது சம்பவம் உங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கம். டார்பி நகரத்துக்குக் கீழே டர்வென்ட் ஆறு. செயற்கைப் பட்டு தயாரித்த பிரிட்டிஷ் செலனீஸ் ஆலையின் கழிவு, நகராட்சியின் சாக்கடை, மின்நிலையத்தின் சுடுநீர் மூன்றும் அதில் கலந்தன. மீன் போயிற்று. வழக்குப் போட்டது யார்? பிரைட் ஆஃப் டார்பி என்ற தூண்டில் சங்கம். 1948-ல் தூண்டில்காரர்களே ஆற்று மாசுக்கு எதிராக வழக்காடுவதற்கென்று அமைத்த கூட்டுச் சங்கம் பின்னால் நின்றது. ஆலை, நகராட்சி, மின்வாரியம் மூன்றுக்கும் எதிராகத் தடையாணை வாங்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொதுநலம், சுற்றுச்சூழல் என்ற பேச்செல்லாம் புழக்கத்துக்கு வராத காலம். ‘எங்கள் மீன் பிடிக்கும் உரிமையைக் கெடுத்தீர்கள்’ என்ற ஒரே வாதம்.

நொய்யலுக்கும் கோர்ட் படி ஏறியவர்கள் உண்டு. சாயக்கழிவில் நிலம் போன ஆயக்கட்டு விவசாயிகள் அவர்கள். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியான பிறகு, வருஷக்கணக்கில் அலைந்தார்கள். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பின்னால் அந்த அலைச்சல் இருக்கிறது. அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் வயல் செத்த பிறகுதான் விவசாயிக்குச் சேதி எட்டுகிறது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே கல்லடிப் பூச்சி செத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தண்ணீரில் நிற்க ஆசைப்பட்ட ஐம்பது பேர் உங்கள் ஊரில் இருந்திருந்தால் அன்றைக்கே கூச்சல் கிளம்பியிருக்கும்.

உடனே நீலகிரிக்குக் கோல் வாங்கிக்கொண்டு கிளம்பச் சொல்லவில்லை. அங்கேயும் மூணாறிலும் இருக்கும் ட்ரவுட், வெள்ளைக்காரர்கள் தங்கள் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட வந்தேறி மீன். அதை இன்னும் பரப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் நொய்யல் இன்னும் ஓடையாக இருக்கும் இடத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். பார்த்தபின் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

மீனைத் திரும்ப விடுவது பற்றிக் கேட்டீர்கள். ஒரே தடவை பிடித்துத் தீர்த்துவிடக் கூடாத அளவுக்கு நல்ல மீன் மதிப்புள்ளது என்று அமெரிக்கர் லீ உல்ஃப் 1939-ல் எழுதியதிலிருந்து அந்தப் பழக்கம் வலுத்தது. விடுவதற்கென்றே பிடிப்பது மீனை வதைப்பது என்று சுவிட்சர்லாந்து சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. என் ஓட்டு சுவிட்சர்லாந்துக்கு. மீன் நிறைய இருக்கும் ஆற்றில் ஒன்றைப் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடட்டும். குறைவாக இருக்கும் ஆற்றில் வீசவே வேண்டாம். விட்டே தீருவேன் என்கிறவர் கொக்கியின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சின்ன முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காமலே கழற்றி விடட்டும். போட்டோவுக்காகத் தூக்கிப் பிடித்து நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.